சாலை முடியும் இடத்தில் பதினொரு ஆண்டுகள்

எங்கள் வீட்டு வாசலோடு சாலை முடிந்துவிடுகிறது. பிரதான சாலையிலிருந்து பிரியும் அது, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவை வயல்களுக்கும் மரக்கூட்டங்களுக்கும் நடுவே வளைந்து கடந்து, ஓர் ஓடையின்மேல் குழாய் பதித்துக் கட்டிய சிறுபாலத்தை இடையில் தாண்டி, வழிநெடுக ஏழு வீடுகளைத் தொட்டு, கடைசி வீடான எங்கள் வேலியருகே நின்றுவிடும். அதற்கு அப்பால் மேய்ச்சல் நிலம். அதற்கும் அப்பால் காடு. ஊருக்குள் இருந்தால் முட்டுச்சந்து என்று சொல்லியிருப்பார்கள். திறந்த வெளியில் கிடக்கும் சாலையைச் சந்து என்று அழைக்க மனம் ஒப்பாததால் நாங்கள் முட்டுச்சாலை என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

இங்கு குடிவந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. இதுபோன்ற இடத்தில் வீடு வாங்கலாமா என்று கடந்த சில மாதங்களில் மட்டும் மூன்று குடும்பத்தார் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் நீண்ட நேரம் பேசியும், சொல்ல வேண்டியதில் பாதியைக்கூடச் சொல்லவில்லை என்ற குறை எனக்கு இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். இங்கே கிடைக்கும் நன்மைகளும் இங்கே படும் சிரமங்களும் தனித்தனிக் காரணங்களால் வருபவை அல்ல. இந்த வழியாக வேறு எங்கும் போக முடியாது என்ற ஒரே காரணத்திலிருந்துதான் இரண்டும் பிறக்கின்றன. நன்மையை மட்டும் வைத்துக்கொண்டு சிரமத்தை நீக்கிவிடலாம் என்று நினைத்து வருபவர்கள், நான் பார்த்தவரையில், இரண்டு மூன்று ஆண்டுகளில் வீட்டை விற்றுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அமைதியிலிருந்து தொடங்குகிறேன், பெரும்பாலோர் அதற்காகவே வருகிறார்கள். ஒரு சாலையில் ஓடும் வண்டிகள் பாதியாகக் குறைந்தால் இரைச்சல் 3 டெசிபல் மட்டுமே குறையும். அந்த வேறுபாடு நம் காதுக்கு அரிதாகவே தெரியும். இரைச்சல் பாதியாகிவிட்டது என்று நமக்குத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபல் குறைய வேண்டும். அதற்கு வண்டிகள் பத்தில் ஒரு பங்காக வேண்டும். போக்குவரத்து கொஞ்சம் குறைவான சாலைக்கு மாறியவர்கள் எதிர்பார்த்த அமைதி கிடைக்காமல் ஏமாந்துபோவது இதனால்தான். முட்டுச்சாலையிலோ கடந்துசெல்லும் போக்குவரத்து அடியோடு இல்லை. அங்கே குடியிருப்பவர்களும், அவர்களைத் தேடி வருபவர்களும், வழி தவறியவர்களும் தவிர வேறு எவருக்கும் அந்தச் சாலையில் வேலை இல்லை.

இதில் வீடு தேடுபவர்கள் பலர் கவனிக்காத ஒரு கணக்கு உண்டு. ஒரு வீட்டு வாசலைக் கடந்துபோகும் வண்டிகளின் எண்ணிக்கை, அந்த வீட்டுக்கு அப்பால் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஒரு விடுமுறை நாளில் நானும் என் மகளும், சாலையின் தொடக்கத்தில் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளும் பேசிவைத்துக்கொண்டு காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை எண்ணினோம். முதல் வீட்டைக் கடந்து இரு திசையிலும் 38 வண்டிகள் போயின; எங்கள் வாசலுக்கு வந்தவை ஆறு மட்டுமே, அவற்றில் நான்கு எங்களுடைய போக்குவரத்துத்தான். ஒரே சாலை, ஒரே பெயர். ஆனால் முதல் வீட்டில் இருப்பதும் கடைசி வீட்டில் இருப்பதும் வெவ்வேறு வாழ்க்கை. முட்டுச்சாலையில் வீடு பார்க்கிறவர்கள், அது எத்தனையாவது வீடு என்பதையும், அதற்கு அப்பால் வீடு கட்டத்தக்க நிலம் எவ்வளவு கிடக்கிறது என்பதையும் முதலில் விசாரிக்க வேண்டும். இன்றைய கடைசி வீடு நாளைக்கும் கடைசி வீடாகவே இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

போக்குவரத்துக்கும் அக்கம்பக்க உறவுக்கும் உள்ள தொடர்பை, டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகரமைப்பு அறிஞர் சான் பிரான்சிஸ்கோவில் 1969-இல் ஆராய்ந்தார். ஏறத்தாழ ஒரே தோற்றமுடைய மூன்று தெருக்களை அவர் எடுத்துக்கொண்டார்; ஒன்றில் நாளொன்றுக்குச் சுமார் 2,000 வண்டிகள், இன்னொன்றில் சுமார் 8,000, மற்றொன்றில் சுமார் 16,000. வண்டிகள் குறைந்த தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். வண்டிகள் மிகுந்த தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை, 0.9 என்பதுதான் கணக்கு. அவர் குறைவு என்று எடுத்துக்கொண்ட 2,000 எங்கே, எங்கள் 38 எங்கே என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. எங்கள் சாலையில் பிள்ளைகள் நடுச்சாலையிலேயே சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பெரியவர்கள் எதிரெதிரே சந்தித்தால் சாலையின் நடுவில் நின்றே கால்மணி நேரம் பேசுவார்கள். ஒரு வண்டி வந்தால் அதை ஓட்டி வருபவரும் நிறுத்திப் பேச்சில் கலந்துகொள்வார். அந்த வண்டியில் இருப்பவர் எப்படியும் நமக்குத் தெரிந்தவராகத்தான் இருப்பார்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஏழே வீடுகள் உள்ள இடத்தில் ஒரு வீட்டோடு மனத்தாங்கல் வந்துவிட்டால் ஒதுங்கிப்போக இடமில்லை. வேறு வழியாகப் போய்விடலாம் என்பது இங்கே சொல்லளவில்கூட முடியாது. தினமும் அவர்கள் வாசலைக் கடந்துதான் போக வேண்டும், அவர்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கை தூக்கலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டும். எங்களுக்கும் ஒரு வீட்டாருக்கும் வாய்க்கால் கரையில் இருந்த ஒரு மரத்தை வெட்டியதால் மனக்கசப்பு ஏற்பட்டு ஒன்றரை ஆண்டு பேச்சு இல்லாமல் இருந்தோம். மரத்தின் கிளைகள் மின்கம்பியில் உரசியது உண்மை. ஆனால் கேட்காமல் வெட்டியது எங்கள் பிழை. நகரத்து அடுக்குமாடியில் அண்டை வீட்டாரோடு பேசாமல் ஒன்றரை ஆண்டு இருப்பது யாருக்கும் பெரிதாகத் தெரியாது. இங்கே அது ஏழு வீட்டையும் பாதித்தது, ஏனென்றால் சாலையைச் செப்பனிட ஏழு வீடும் சேர்ந்துதான் பணம் போட வேண்டும்.

திருட்டு பயம் எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரே வழியில் வந்து அதே வழியில் திரும்ப வேண்டிய இடத்தைத் திருடர்கள் விரும்பமாட்டார்கள் என்ற கருத்து பழமையானது. திறந்த தெருக்களில் ஆள் நடமாட்டமே காவல் என்று மறுப்பவர்களும் உண்டு. இங்கிலாந்தின் மெர்சிசைடு பகுதியில் ஷேன் ஜான்சன், கேட் பவர்ஸ் ஆகிய இருவரும் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், கடந்துசெல்ல வழியுள்ள தெருக்களைவிட முட்டுத்தெருக்களில் வீடு புகுந்து திருடும் அபாயம் குறைவு என்று கண்டார்கள். ஆனால் அது வீடுகள் நெருங்கிய நகர்ப்புறம். கிராமப்புறத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே முந்நூறு மீட்டர் இருக்கையில் காவல் காப்பவை கண்களைவிடக் காதுகளே. எங்களுக்கு மூன்று வீடு முன்னால் இருக்கும் பெரியவர், வண்டியின் ஓசையைக் கேட்டே யாருடையது என்று சொல்லிவிடுவார். அறியாத ஓசை கேட்டால் வாசலுக்கு வந்து நிற்பார். அவர் நிற்பதே போதும். பட்டப்பகலில் ஏழு வீடும் வேலைக்குப் போய்விடும் சாலையாக இருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உண்மையில் எங்களுக்குத் தொல்லை தந்தவர்கள் திருடர்கள் அல்லர். ஆள் நடமாட்டம் இல்லாத சாலையின் முனை, மறைக்க வேண்டியதை மறைக்க வருபவர்களுக்கு ஏற்ற இடம். இடித்த வீட்டின் சிமென்ட் மூட்டைகளும் பழைய டயர்களும் இரவோடு இரவாக எங்கள் வேலியோரம் கொட்டப்பட்டிருக்கின்றன. வளர்க்க முடியாத நாய்களை இங்கே இறக்கிவிட்டுப் போகிறார்கள். அப்படி விடப்பட்ட ஒரு நாய், தன்னை இறக்கிவிட்ட வண்டி திரும்பி வரும் என்று நான்கு நாள் சாலையைப் பார்த்தபடியே அதே இடத்தில் படுத்திருந்ததை நான் மறக்க மாட்டேன். ஐந்தாம் நாள் அது எங்கள் வீட்டுக்குள் வந்தது. இன்றும் எங்களோடுதான் இருக்கிறது. குப்பை கொட்டுவதைக் குறைக்கச் சாலையின் முனையில் அசைவை உணர்ந்து எரியும் விளக்கு ஒன்றை வைத்தோம். அதனால் இருட்டு கெட்டுவிடுமே என்று எனக்கு மிகுந்த வருத்தம் இருந்தது. தெருவிளக்கே இல்லாத சாலையின் முனையில், மேகமில்லாத இரவில் பால்வழி தலைக்கு மேலே தெளிவாக ஓடுவதைக் காண்பது இந்த இடம் எனக்குத் தந்த பெரும் பேறுகளில் ஒன்று. விளக்கைத் தரையை நோக்கிக் குனிந்திருக்கும்படி மாட்டி, இரண்டு நிமிடத்தில் அணைந்துவிடும்படி அமைத்த பிறகே மனம் அமைதியடைந்தது.

இனி, இங்கே வர நினைப்பவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் யோசிக்க வேண்டியதைச் சொல்கிறேன். குடிவந்த மூன்றாம் ஆண்டில் ஒரு நள்ளிரவில் என் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸை அழைத்து முகவரியையும் அடையாளங்களையும் தெளிவாகச் சொன்னோம். எங்கள் சாலை காட்டைக் கடந்து மறுபக்கச் சாலையோடு சேர்கிறது என்று அந்த வண்டியில் இருந்த வழிகாட்டிச் செயலி நம்பிக்கொண்டிருந்தது. எப்போதோ இருந்த ஒரு மாட்டுவண்டித் தடத்தை வரைபடம் சாலையாகக் காட்டியிருக்க வேண்டும். ஓட்டுநர் மறுபக்கத்திலிருந்து வந்தார். காட்டின் அந்த ஓரத்தில் வண்டி நின்றபோது அதன் விளக்கு மரங்களின் ஊடே எங்களுக்குத் தெரிந்தது. காக்கை பறக்கும் தொலைவு அறுநூறு மீட்டர்கூட இராது. ஆனால் அங்கிருந்து எங்கள் வாசலுக்குச் சாலை வழியாகச் சுற்றி வர 19 கிலோமீட்டர். வெளிச்சம் திரும்பி விலகிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த 26 நிமிடங்கள்தான் இந்தச் சாலையைப் பற்றி நான் அறிந்தவற்றில் மிகக் கனமானவை. மாமா பிழைத்துக்கொண்டார். அவருடைய இதயம் நின்றிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று மருத்துவர் வெளிப்படையாகவே சொன்னார்: இதயம் நின்றுவிட்ட ஒருவருக்கு நெஞ்சழுத்தமும் மின்னதிர்வும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு குறைத்துவிடுகிறது.

அதன்பின் நாங்கள் செய்தவற்றை வரிசையாகச் சொல்வதைவிட, அவற்றில் எது உண்மையிலேயே பயன்பட்டது என்பதைச் சொல்கிறேன். முதலாவது, வரைபடத்தைத் திருத்தியது. 2004-இல் தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்டிரீட்மேப் என்ற பொது வரைபடத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம்; இல்லாத பாதையை நீக்கி, சாலை முடியும் புள்ளியில் அப்பால் வழியில்லை என்ற குறிப்பையும் சேர்த்தோம். மற்ற வரைபடச் செயலிகளில் பிழையைப் புகாராகத்தான் அனுப்ப முடியும். சிலவற்றில் திருத்தம் வர மாதக்கணக்கில் ஆனது, ஒன்றில் நான்கு முறை அனுப்ப வேண்டியிருந்தது. ஆனாலும் அந்தத் திருத்தங்கள் வந்த பிறகு வழி தவறி எங்கள் வாசலில் வந்து வண்டி திருப்புகிறவர்கள் வாரத்துக்கு ஐந்தாறு பேர் என்பதிலிருந்து மாதத்துக்கு ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். இரண்டாவது, அவசர வண்டியை அழைத்தவுடன் முதல் வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்வது. அந்த வீட்டில் ஒருவர் கைவிளக்கோடு பிரதான சாலைக்குப் போய் நிற்பார். மூன்றாவது, ஏழு வீட்டாரும் நெஞ்சழுத்த முதலுதவி கற்றுக்கொண்டு, பொதுவாகப் பணம் போட்டு வாங்கிய தானியங்கி மின்னதிர்வுக் கருவியை நடுவில் உள்ள நான்காம் வீட்டின் வெளிச்சுவரில் பெட்டியில் வைத்திருப்பது. உதவி வர நேரமாகும் இடத்தில் குடியிருப்பவர், உதவி வரும்வரை என்ன செய்வது என்பதைத் தாமே கற்றுக்கொண்டாக வேண்டும்.

பெரிய வண்டிகளுக்கு வேறொரு சிக்கலும் இருக்கிறது. உள்ளே வந்தால் திரும்ப இடம் வேண்டும். பன்னாட்டுத் தீயணைப்பு விதித்தொகுப்பு என்ற பெயரில் அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் விதிகளின்படி, தீயணைப்பு வண்டி நுழைய வேண்டிய முட்டுச்சாலை 150 அடிக்கு மேல் நீண்டால் அதன் முனையில் வண்டி திரும்ப இடம் விட்டாக வேண்டும். சாலை 20 அடி அகலமும், மேலே 13 அடி 6 அங்குல உயரத்துக்குத் தடையின்மையும் வேண்டும். வட்டமாகத் திருப்ப விரும்பினால் அதன் விட்டம் 96 அடி இருக்க வேண்டும் என்று அதன் பின்னிணைப்பு கூறுகிறது. இந்த அளவுகள் நாம் வாழும் இடத்தில் கட்டாயமா இல்லையா என்பது வேறு. ஒரு தீயணைப்பு வண்டிக்கு உண்மையில் எவ்வளவு இடம் தேவை என்பதை அவை சொல்கின்றன. நாங்கள் அளந்து பார்த்தபோது எங்கள் சாலை இரண்டு இடங்களில் 11 அடி அகலம்தான் இருந்தது. முனையில் ஒரு கார் நான்கு முறை முன்னும் பின்னும் போய்த்தான் திரும்ப முடிந்தது. எங்கள் வேலியை உள்ளே தள்ளிப்போட்டு, ‘ட’ போல ஒரு பக்கக் கிளையை வெட்டி, வண்டி அதில் பின்னால் நுழைந்து திரும்பும்படி செய்தோம். நிலம் கொஞ்சம் போயிற்று. அந்த ஆண்டு கொடுத்ததில் வருந்தாத ஒன்று அதுதான்.

காட்டை ஒட்டிய முட்டுச்சாலைக்குத் தீ தனி அச்சம். 2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் பாரடைஸ் என்ற ஊரைக் காட்டுத்தீ அழித்தது. 85 பேர் இறந்தார்கள். மலைமுகட்டின் மேல் அமைந்த அந்த ஊரிலிருந்து வெளியேறச் சில சாலைகளே இருந்தன. கிளைச்சாலைகள் பல பள்ளத்தாக்கின் விளிம்பில் முடிந்துவிடுபவை. வண்டிகளுக்குள்ளேயே சிலர் இறந்தார்கள். அதே மாநிலத்தில் தீ அபாயம் உள்ள நிலப்பகுதிகளுக்கு முட்டுச்சாலையின் நீளத்துக்கே வரம்பு வைத்திருக்கிறார்கள்: ஓர் ஏக்கருக்குக் குறைந்த மனைகள் உள்ள இடத்தில் 800 அடி, 20 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் ஒரு மைல். வீடுகள் நெருங்க நெருங்கச் சாலையின் நீளம் குறைய வேண்டும் என்பதன் காரணம் எளிது; ஒரே வாயில் வழியாக ஒரே நேரத்தில் வெளியேற வேண்டிய வண்டிகள் கூடும்போது நெரிசலும் கூடும், உள்ளே வர வேண்டிய தீயணைப்பு வண்டி அதே நெரிசலுக்கு எதிராக வர வேண்டியிருக்கும். எங்கள் சாலை ஒரு மைலைவிட நீளமானது. இதைப் படித்த நாளிலிருந்து வறண்ட மாதங்களில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்காமல் நான் உறங்கப் போவதில்லை.

சாலையைப் பேணுவது யார் என்ற கேள்வியை, வாங்கும்போது நாங்கள் கேட்கவே இல்லை. கடைசி 900 மீட்டர் பொதுச்சாலை அல்ல, வழியில் உள்ள நில உரிமையாளர்களின் நிலத்தின் மேல் மற்றவர்களுக்கு வழிநடைப் பாத்தியம் மட்டுமே உண்டு என்பது குடிவந்து எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. வழியே இல்லாத நிலத்துக்கு அண்டை நிலத்தின் வழியாகப் போக உரிமை தரும் ஏற்பாடு பல நாடுகளின் சட்டங்களில் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தில் அது தேவையால் எழும் உரிமை, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் 682-ஆம் பிரிவில் இழப்பீடு கொடுத்துப் பெறும் உரிமை. ஆனால் போக உரிமை இருப்பது வேறு, அந்த வழியைச் செப்பனிடும் கடமை யாருக்கு என்பது வேறு. பத்திரத்தில் பாத்தியம் நடக்கவா, வண்டி போகவா, எத்தனை அடி அகலம், கம்பமும் குழாயும் கொண்டுபோகலாமா என்ற நான்கும் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்களுடையதில் முதல் இரண்டும் இருந்தன. பின்னிரண்டையும் சேர்த்து எழுதிப் பதிவுசெய்ய இரண்டு ஆண்டுகள் ஆயின, அதற்குள் மரம் வெட்டிய சண்டையும் வந்து சேர்ந்துகொண்டது.

சரளைக்கல் சாலைக்கு முதல் பகை தண்ணீர், இரண்டாவது பகை வேகம். தண்ணீர் மேலே நிற்காமல் ஓரத்து வாய்க்காலுக்கு ஓட வேண்டுமானால் சாலையின் நடுப்பகுதி ஓரங்களைவிட உயர்ந்திருக்க வேண்டும். மீட்டருக்கு நான்கு சென்டிமீட்டர் சரிவு என்பதே சரளைச் சாலைக்குச் சொல்லப்படும் அளவு. நடுமுதுகு தேய்ந்து தட்டையானவுடன் பள்ளங்கள் விழத் தொடங்கும். பள்ளத்தில் மட்டும் கல்லைக் கொட்டி நிரப்பினால் அடுத்த மழையில் அதே இடத்தில் மீண்டும் விழும். நாங்கள் மூன்று ஆண்டுகள் அப்படிக் கல்லைக் கொட்டிப் பணத்தை வீணாக்கினோம். துவைகல் போல வரிவரியாக எழும் மேடுகளுக்கு மண்ணின் தரமும் வறட்சியும் காரணம் என்று நினைத்திருந்தேன். 2007-இல் வெளியான ஓர் இயற்பியல் ஆய்வு, உலர்ந்த மணலின் மேல் உருளும் ஒரு சக்கரம் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினாலே அந்த வரிகள் தோன்றிவிடும் என்று காட்டியது. ஆகவே மெதுவாக ஓட்டுவதும் சாலைப் பராமரிப்புதான். நான்கு ஆண்டுகளுக்கு முன் பெய்த பெருமழையில் ஓடைச் சிறுபாலத்தின் குழாய் கிளைகளால் அடைபட்டு, தண்ணீர் மேலேறி, மண்ணை அரித்துக்கொண்டு போய்விட்டது. கடைசி நான்கு வீடுகளும் மூன்று நாள் வெளியுலகிலிருந்து அறுபட்டன. உடைந்தது மொத்தமாக இரண்டு மீட்டர் சாலை. வேறு வழியுள்ள ஊரில் அது ஒரு செய்தியே ஆகாது.

கம்பிகளும் குழாய்களும் சாலையைப் போலவே முட்டி நிற்கின்றன என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே முனையிலிருந்து வரும் மின்தடத்தின் கடைசியில் இருக்கும் வீட்டுக்கு மின்னழுத்தம் குறைந்தே வரும். புயலுக்குப் பின் பலருக்கு மின்சாரம் தரும் தடங்களை முதலில் சரிசெய்வதால் நமக்குக் கடைசியில்தான் வரும். முட்டி நிற்கும் குடிநீர்க் குழாயில் தண்ணீர் தேங்கிக் கிடப்பதால் குளோரின் குறைந்து வண்டல் படியும். அவ்வப்போது கடைசி வால்வைத் திறந்து ஓடவிட வேண்டும். பழைய செப்புக்கம்பி இணையம் தொலைவு கூடக்கூட வேகம் குறைந்து எங்களை எட்டும்போது பயனற்றதாக இருந்தது. கண்ணாடியிழை 20 கிலோமீட்டர் வரை தடையின்றிப் போகும் என்பதால் அது வந்த பிறகு அந்தக் குறை மட்டும் முற்றிலும் நீங்கியது.

பிள்ளைகளைப் பற்றி எனக்கு இரு மனம் உண்டு. பத்து வயது வரை இதைவிட நல்ல இடம் ஒரு குழந்தைக்குக் கிடைக்காது என்று உறுதியாகச் சொல்வேன். பதினான்கு வயதில் என் மகள், தோழி வீட்டுக்குப் போகக்கூட யாராவது வண்டி எடுத்தால்தான் முடியும் என்று அழுதபோது என்னிடம் பதில் இல்லை. பிரதான சாலைக்கு நடக்க அரைமணி நேரம், அங்கே பேருந்துக்குக் காத்து நிற்க ஒரு நிழல்கூட இல்லை. மாமாவுக்கும் அதே நிலைதான். கண் மங்கி வண்டி ஓட்டுவதை நிறுத்திய நாளிலிருந்து அவர் எங்கள் நேரத்தைப் பார்த்தே வாழ வேண்டியிருக்கிறது. இடையில் உள்ள வயதினருக்கு மட்டுமே இந்தச் சாலை முழுமையாகத் திறந்திருக்கிறது. வீடு பார்க்க வருபவர்கள் எல்லோரும் அந்த வயதினராகவே இருப்பதால் இது அவர்கள் கண்ணில் படுவதில்லை.

வீடு பார்க்க வருகிறவர்களிடம் இப்போது நான் இரண்டே வேண்டுகோள் வைக்கிறேன். தெளிவான காலைப்பொழுதில் வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். அடைமழை பெய்யும் நாளில் ஒரு முறையும், நள்ளிரவில் ஒரு முறையும் அந்தச் சாலையின் கடைசி வரை ஓட்டிக்கொண்டு போங்கள். பிறகு, கடைசி வீட்டுக் கதவைத் தட்டி, இந்தச் சாலை கடைசியாக எப்போது அடைபட்டது, எத்தனை நாள் அடைபட்டது, அப்போது என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலில் சாலையின் நிலை மட்டுமல்ல, அந்தச் சாலையில் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் எப்படி இருக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

பாலம் அரித்த மூன்று நாட்களுக்குப் பிறகு இரண்டாவது வழி ஒன்று வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. ஐந்தாம் வீட்டாரின் வயல் மறுபக்கச் சாலை வரை நீள்கிறது. வயலின் வரப்போரமாக வண்டி போகும் அளவுக்கு மண்ணை இறுக்கிவிட்டால் போதும். மரச்சண்டையில் எங்களோடு பேசாமல் இருந்தது அந்த வீட்டார்தான். நானும் என் கணவரும் போய் மன்னிப்புக் கேட்டோம். அதை முன்பே கேட்டிருக்க வேண்டும். வழி விட அவர்கள் சம்மதித்தார்கள். ஆனால் ஏழு வீட்டாரும் கூடியபோது வேறொரு அச்சம் எல்லோர் மனத்திலும் இருந்தது: இரண்டு சாலைகளை இணைக்கும் ஒரு பாதை திறந்தால், ஒரு மாதத்துக்குள் எல்லாச் செயலிகளும் அதைக் குறுக்குவழியாகக் காட்டத் தொடங்கும், 38 என்ற எண்ணை அதன்பின் எவராலும் காப்பாற்ற முடியாது. எங்களுக்கு வெளியேற வழியும் வேண்டும், மற்றவர்களுக்கு அது வழியாக இருக்கவும் கூடாது. நெடுநேரம் பேசி, இரு முனையிலும் பூட்டிய வாயிற்கதவு போடுவது, வரைபடத்தில் தனியார் பாதை என்று குறித்துவிடுவது, ஆபத்துக்கு மட்டுமே திறப்பது என்று எழுதிக் கையெழுத்திட்டோம். தீயணைப்பு நிலையத்துக்கும் ஒரு சாவி கொடுத்தோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை யாராவது ஒருவர் அந்தப் பாதை முழுவதும் வண்டி ஓட்டிப் பார்த்து, பூட்டுகளுக்கு எண்ணெய் இட்டு வர வேண்டும். இந்த முறை எங்கள் பங்கு. எங்கள் சாவி பின்கதவை ஒட்டிய ஆணியில், இருட்டில் தடவினாலும் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்குகிறது.